கை கற்கும் கல்வி

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்களை ஓர் இணைப்புச் சொல்லால் சேர்த்து வழங்கும் ஒரு தொடரை நம் கல்வியியல் நூலார் 'முயன்று தவறிக் கற்றல்' என்று தமிழாக்கினர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இத்தமிழாக்கத்தின்மீது தனி மதிப்பு உண்டு. முயற்சி ஒன்று, தவறு ஒன்று என்று ஆங்கிலம் எண்ணி நிறுத்திவிடுகிறது. தமிழோ அவ்விரண்டையும் வினையெச்சங்களாக்கிக் கற்றல் என்னும் தொழிலிற் கொண்டுபோய் முடிக்கிறது. கற்றலுக்குப் போகும் வழியிலே தவறுதலும் ஒரு படி என்பது அவ்விலக்கண அமைப்பிலேயே அடங்கிவிடுகிறது. மூளையின் இயல்பும் அத்தகையதே என்று கண்டுகொள்ள விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஸ்காத்லாந்து நாட்டுத் தத்துவப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தைப் பேசினார். எனினும் அதனை அளவைக்கு உட்படுத்தியவர் எட்வர்டு தார்ண்டைக் என்னும் அமெரிக்க இளைஞரே. 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அவர் அளித்த ஆய்வுரை பசித்த பூனைகளைப் பற்றியது. மரச்சட்டங்களால் ஆன கூண்டுக்குள் பூனையை அடைத்து, வெளியே உணவை வைப்பார். உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தாலோ, ஒரு கட்டையை மிதித்தாலோ கதவு திறந்துகொள்ளும். பூனை பிறாண்டும், கடிக்கும், இடுக்குகளில் நுழைய முயலும், ஏதோ ஒரு கணத்தில் தற்செயலாக வளையத்தில் நகம் பட்டுக் கதவு திறக்கும். மறுபடியும் அடைப்பார். ஒரு பூனைக்கு முதன்முறை 160 விநாடி பிடித்தது. இருபது முறைக்கு மேல் ஆனபின் ஆறு ஏழு விநாடியே போதுமானதாயிற்று. ஆனால் இடையில் நேரம் ஒழுங்காகக் குறையவில்லை. ஏறியும் இறங்கியுமே குறைந்தது. பூனை ஒரு கணத்தில் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டிருந்தால் அந்த நேரக்கோடு சட்டென்று விழுந்திருக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு விழாமையால், பயனளித்த அசைவு சிறிது சிறிதாக வலுப்பட, பயனற்றவை தேய்ந்து மறைகின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1911ஆம் ஆண்டில் இதற்கு விளைவு விதி என்று பெயரிட்டார்.

பூனைகளின் போராட்டத்துக்கு ஓராண்டு முன்னர், இந்தியானா மாநிலத்தில் வில்லியம் பிரையன் என்ற பேராசிரியரும், தந்தி அலுவலராக இருந்து மாணவரான நோபிள் ஹார்ட்டர் என்பவரும் மனிதரின் கைத்திறனை ஆராய்ந்தனர். 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டுத் தந்திப் பணி முடிவுற்றது. 'கட்டு, கடா' என்ற ஒலியை இன்று கேட்டறிந்தவர் சிலரே. அன்றோ அது பல்லாயிரவரின் தொழில். பயிற்சி பெறுவோர் ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்துகளை அனுப்புகின்றனர், எத்தனை எழுத்துகளைக் கேட்டு வாங்குகின்றனர் என்று வாரந்தோறும் அளந்தனர். அனுப்பும் வேகம் ஒரே சீராக உயர்ந்தது. வாங்கும் வேகமோ ஓரிடத்தில் நின்றுவிட்டது. வாரக்கணக்கில் உழைத்தும் பயனில்லை. பலர் மனமுடைந்து விலகிய கட்டமும் அதுவே. தளராது நின்றவர்களுக்கு வேகம் மீண்டும் ஏறிற்று. தனி எழுத்தைக் கேட்டவர் சொல்லைக் கேட்கலாயினர்; சொல்லைக் கேட்டவர் தொடரைக் கேட்கலாயினர். தேக்கம்போல் தோன்றிய காலத்தில் கீழ்ப்படிப் பழக்கங்கள் தாமே இயங்கத் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தன என்று அவ்விருவரும் 1899ஆம் ஆண்டில் விளக்கினர். இத்தேக்கம் எல்லாரிடமும் நேர்வதில்லை என்று பிற்காலத்தார் மறுத்தது உண்மை. ஆயினும் அயல்மொழி ஒன்றைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இந்தப் படம் அந்நியமானதன்று.

திரும்பத் திரும்பச் செய்தலே கற்பிக்கிறதா, அல்லது செய்ததன் பயனை அறிதல் கற்பிக்கிறதா? இக்கேள்விக்கும் தார்ண்டைக் ஒரு பரிசோதனை வகுத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டவர்களிடம் குறித்த நீளமுள்ள ஒரு கோட்டை வரையச் சொன்னார். ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான கோடுகள். வரைந்தது நெடிதா குறிதா என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. முதற்கோட்டுக்கும் இறுதிக்கோட்டுக்கும் திருத்தத்தில் வேறுபாடு காணவில்லை. 'சரி', 'தவறு' என்ற ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னும் சொல்லப்பட்டபோதோ கை விரைவில் திருந்திற்று.

பிழைத்த சொல்லை நூறு முறை எழுது என்று தண்டனை விதிக்கும் வழக்கத்தை இப்பரிசோதனையின் ஒளியில் நோக்க வேண்டும். கண்ணீரோடு நூறு முறை எழுதும் சிறுவன் எதையும் பார்ப்பதில்லை; எண்ணிக்கையை முடிக்கவே அவன் கை ஓடுகிறது. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் கொடுமைகள் பல இருந்தன. ஆயினும் மணலிலே விரலால் எழுதப் பழக்கிய முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். சட்டாம்பிள்ளை இட்ட எழுத்தின் அருகிலேயே தன் எழுத்தைக் குழந்தை காண்கிறது. கோணலாயின் ஒரு தடவலில் அழித்து மறுமுறை எழுதுகிறது. பிழை அறியப்படுகிறது, ஆனால் ஏட்டில் வடுவாக நிலைப்பதில்லை. கையைப் பிடித்து எழுதுவித்தல் தொடக்கத்துக்கு வேண்டியதே. ஆனால் பிடித்த கையை விடாதவரையில் குழந்தையின் கை தன் பிழையைத் தானே காண வாய்ப்பில்லை. நாற்பது வயதில் வடமாநிலத்துக்கு வந்து, வளைந்து சுழலும் தமிழெழுத்தில் ஊறிய விரல்களைக் கொண்டு, தலைக்கோட்டின்கீழ்த் தொங்கும் தேவநாகரியைப் பழகியவர் எவரும் இதனை ஒப்புவர்.

இனி மாஸ்கோ நகருக்குச் செல்வோம். புரட்சிக்குப் பின்னர் 1920ஆம் ஆண்டில் அங்கே மத்தியத் தொழில் நிலையம் ஒன்றை அலெக்சி காஸ்தெவ் என்பவர் நிறுவினார். அவர் உலோகத் தொழிலாளியுமாவார், கவிஞருமாவார். சுத்தியலை ஓங்கும் சரியான முறை ஒன்றைக் கண்டுபிடித்து எல்லாத் தொழிலாளர்க்கும் அதனையே கற்பித்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் நோக்கம். அங்கே பணியாற்ற வந்த இளம் வைத்தியர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன், உளியின்மேல் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் ஆகியவற்றில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தி, அவ்வொளிப்புள்ளிகளின் பாதையைப் படம் பிடித்தார். கண்டது எதிர்பாராதது. சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது; ஆனால் தோளும் முழங்கையும் சென்ற பாதை ஒவ்வோர் அடிக்கும் வேறாயிருந்தது. ஒரு மூட்டு சிறிது விலகினால் மற்றொரு மூட்டு அவ்விலக்கத்தை ஈடு செய்தது. தேர்ந்தவன் ஒரே அசைவை மனப்பாடம் செய்தவன் அல்லன். ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறவன். பயிற்சி என்பது திரும்பச் செய்யாமலே திரும்பச் செய்தல் என்று அவர் வகுத்தார். எல்லார்க்கும் ஒரே அசைவு என்ற நிலையத்தின் கனவு அப்படத்திலேயே கலைந்தது எனலாம்.

காஸ்தெவ் ஸ்டாலின் கால அடக்குமுறையில் கைதாகி 1939ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். பெர்ன்ஸ்டைனுடைய நூல் 1947ஆம் ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டிலேயே ஸ்டாலின் பரிசையும் பெற்றது. ஆனால் பாவ்லோவின் கொள்கைக்கு மாறுபட்டவர் என்ற குற்றச்சாட்டு எழுந்து, சில ஆண்டுகளுக்குள் அவர் ஆராய்ச்சிப் பணியை இழந்தார். கைத்திறன் குறித்துப் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்து 1991ஆம் ஆண்டில்தான் அச்சேறிற்று. பிழையைத் திருத்திக்கொண்டே செல்வதுதான் அறிவு என்று கண்டவரைப் பிழை பொறாத அரசு நடத்திய முறை இது.

இத்திருத்தம் மூளையின் எப்பகுதியில் நிகழ்கிறது? பிரெஞ்சு நாட்டு ஃப்ளூரான் 1824ஆம் ஆண்டிலேயே புறாக்களில் சிறுமூளையை நீக்கிப் பார்த்தார். புறாக்கள் அசைவை இழக்கவில்லை. அசைவின் இசைவை இழந்தன. மனிதரில் இதனைத் தெளிவுறக் காட்டியது முதல் உலக யுத்தம். தலையின் பின்புறத்தில் குண்டடி பட்டு வந்த வீரர்களைப் பிரான்சு நாட்டில் இருந்த இராணுவ ஆஸ்பத்திரியில் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் என்னும் வைத்தியர் 1917ஆம் ஆண்டில் தம் குறிப்புகளை வெளியிட்டார். சிறுமூளையில் அடிபட்ட பக்கத்துக் கையே தடுமாறும். மூக்கின் நுனியைத் தொடச் சொன்னால் விரல் கடந்து போகும் அல்லது முன்னரே நிற்கும். அவருடைய நோயாளி ஒருவர் தம் நிலையைச் சொன்ன விதம் பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. இடக்கையின் அசைவுகள் நினையாமலே நடந்தேறுகின்றன. வலக்கைக்கோ ஒவ்வோர் அசைவையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியுள்ளது என்பது அவர் கூறியதன் சாரம். நாம் நினையாமலே செய்பவை எத்துணை என்பதை, அதை இழந்த ஒருவர் வாயிலாகவே உலகம் அறிந்தது.

இதற்கு எதிர்முகமான இழப்பொன்று அமெரிக்காவில் நேர்ந்தது. தீராத வலிப்பு நோயால் வருந்திய 27 வயது இளைஞர் ஒருவருக்கு 1953ஆம் ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் டாக்டர் ஸ்கோவில் சத்திர சிகிச்சை செய்து, மூளையின் இருபுறத்துப் பொட்டு மடல்களிலும் உட்பகுதியை அகற்றினார். வலிப்பு தணிந்தது, ஆனால் புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்காதாயிற்று. சற்றுமுன் பேசியவரை மறுபடி கண்டால் புதியவராக வரவேற்பார். 2008ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை எச்.எம். என்ற தலைப்பெழுத்துகளாலேயே உலகம் அவரை அறிந்திருந்தது.

மான்ட்ரீல் நகரிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்த உளநூலறிஞர் பிரெண்டா மில்னர் அம்மையார் 1955ஆம் ஆண்டில் ஒரு சிறு சோதனை வைத்தார். தாளில் இரட்டைக் கோட்டால் ஆன விண்மீன் ஒன்று. அவ்விரு கோடுகளுக்கிடையே பென்சிலால் வரைந்து சுற்றி வர வேண்டும். ஆனால் தாளையும் கையையும் நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையே பார்க்க வேண்டும். முயன்று பார்ப்பவர் எவர்க்கும் கை முதலில் எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போகும். எச்.எம். நாளொன்றுக்குப் பத்து முறை வீதம் மூன்று நாள் வரைந்தார். பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டாம் நாள் தொடக்கத்தில் முதல் நாளின் முடிவை ஒட்டியே தொடங்கினார். மூன்றாம் நாள் ஏறத்தாழப் பிழையின்றி வரைந்தார். இத்தனைக்கும் ஒவ்வொரு நாளும் அச்சோதனையைத் தாம் முன்னர்ச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கடினமாக இருக்கும் என்று எண்ணியது இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே என்று அவரே வியந்தாராம்.

1962ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டபோது, நினைவு என்பது ஒன்றே என்ற எண்ணம் ஆட்டங்கண்டது. 'நான் இதைக் கற்றேன்' என்று அறிவது ஒரு நினைவு. கற்றதைக் கை அறிவது வேறொரு நினைவு. தன் வாழ்நாளின் பிற்பாதியைத் தனக்கென வைத்துக்கொள்ள இயலாத அம்மனிதரிடம், கையின் கணக்கு மட்டும் தவறாது வரவு வைக்கப்பட்டு வந்தது. எச்.எம். பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவ்விடத்தைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

சிறுமூளைக்குத் திரும்புவோம். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே ஆன அவ்வுறுப்பில், மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களுள் 6,900 கோடி அடங்கியுள்ளன என்று 2009ஆம் ஆண்டில் எண்ணிக் கண்டனர். அவற்றுள் செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1837ஆம் ஆண்டில் விவரித்த பெருநரம்பணுக்கள் விசிறிபோல் விரிந்த கிளைகள் உடையவை. ஒவ்வொன்றையும் இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிழைகள் வந்து தொடுகின்றன. ஆனால் கொடிபோல் சுற்றி ஏறும் தடித்த இழை மட்டும் அணுவுக்கு ஒன்றே ஒன்று. இலட்சம் பேர் மெல்லப் பேசும் அவையில் ஒருவர் மட்டும் உரக்கப் பேசுகிறார், அவர் யார்?

இவ்வினாவுக்கு 1969ஆம் ஆண்டில் 24 வயது ஆங்கிலேயரான டேவிட் மார் தாளிலும் கணக்கிலுமே விடை கண்டார்: அந்த ஒற்றை இழையே ஆசிரியன், அது ஒலிக்கும்போது பேசிக்கொண்டிருந்த மெல்லிழைகளின் தொடர்பு மாறுகிறது, அதுவே கற்றல் என்றார். தொடர்பு வலுப்படும் என்று அவர் கருத, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971ஆம் ஆண்டில், அந்த ஒற்றை இழை கொண்டுவருவது பிழைச் செய்தியே, ஆதலால் தொடர்பு நலிய வேண்டும் என்று திருத்தினார். 1982ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவும் துணைவரும் பரிசோதனையில் கண்டது நலிவையே. கல்லில் வேண்டாததைக் கழிக்கும் சிற்பியின் முறைபோல, சிறுமூளையும் தவறிய அசைவுக்குத் துணைநின்ற தொடர்புகளைக் குறைத்துக் கற்கிறது. மாற்றம் அந்த ஓரிடத்தில் மட்டுமே நிகழ்கிறது என்று இன்று எவரும் சாதிப்பதில்லை, விவாதம் தொடர்கிறது. ஆயினும் பிழையைத் தெரிவிக்கவே தனியாக ஒரு வழி உண்டு என்ற கருத்து வேரூன்றிவிட்டது. மார் தம் 35ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மாண்டார். இட்டோவின் கண்டுபிடிப்பை அவர் அறியவில்லை.

இதனைப் பிரத்தியட்சமாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. பார்வையை ஒரு பக்கமாக விலக்கும் பட்டகக் கண்ணாடியை அணிந்துகொண்டால் கை குறி தவறும். சிறிது நேரத்தில் பழகிவிடும். கழற்றியபின் எதிர்ப்பக்கத்தில் தவறும். இதனை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் தாக் என்பவரும் துணைவரும் இக்கண்ணாடியை அணிவித்துக் களிமண் உருண்டையைக் குறி பார்த்து எறியச் சொன்னார்கள். நலமுடையோர் சில பத்து எறிகளுக்குள் திருந்தினர். சிறுமூளை பழுதுற்றோர் பலர் தவறிக்கொண்டே இருந்தனர். கண்ணாடியைக் கழற்றியபின் அவர்களுக்கு எதிர்ப்பக்கத் தவறும் நேரவில்லை. அவர்கள் பிழையைக் கண்ணால் கண்டனர். அது கைக்கு எட்டவில்லை.

சிறுமூளைக்கு எட்டும் செய்தி, எப்பக்கம், எவ்வளவு தவறியது என்பது. ஆனால் தார்ண்டைக்கின் பூனைக்குக் கிடைத்த செய்தி அதுவன்று. திறந்தது, திறக்கவில்லை என்ற இரண்டே. இத்தகைய செய்தியைக் கொண்டு கற்கும் வேறொரு பகுதி மூளையின் ஆழத்தே உள்ளது. அங்கே டோபமீன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் அணுக்களைக் குரங்குகளிடம் ஆராய்ந்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், கணித நோக்குடைய இருவருடன் சேர்ந்து 1997ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் வெளியிட்டார். எதிர்பாராது பழச்சாறு கிடைத்தால் அவ்வணுக்கள் பொங்குகின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் வாளாவிருக்கின்றன. எதிர்பார்த்தது கிடைக்காவிடில் அடங்குகின்றன. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாடே அவற்றின் மொழி. இங்கும் பேசுவது ஒருவகைப் பிழையே.

இவ்வணுக்கள் அழிவதால் நேர்வதே பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதம். அதற்கு மருந்தாகும் லெவோடோபா என்னும் பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, 1937ஆம் ஆண்டில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் சென்னையிலிருந்து வெளியிட்டனர். மூளையில் டோபமீனின் பணி தெரியவர அதன்பின் இருபது ஆண்டுகள் ஆயின.

இறுதியாக, தார்ண்டைக்கின் அதே கொலம்பியாவில் மசோனி, கிராக்காவர் என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையைக் கூறி அமைகிறேன். கையை மறைத்து, அதன் அசைவைத் திரையில் ஓர் ஒளிப்புள்ளியாகக் காட்டினர். பின்னர் அப்புள்ளி கை சென்ற திசையினின்று 45 பாகை விலகிச் செல்லுமாறு செய்தனர். சோதனைக்கு வந்தவர்களிடம் சூழ்ச்சியை மறையாமல் சொல்லி, பக்கத்துக் குறியை நோக்கிக் கையை நீட்டினால் புள்ளி சரியான குறியில் விழும் என்றும் அறிவுறுத்தினர். அவ்வாறே செய்தனர், உடனே வெற்றியும் கண்டனர். ஆனால் தொடரத் தொடரக் கை மெல்ல மெல்ல விலகி, வெற்றி கண்டவர்கள் தவறத் தொடங்கினர். நோக்கிய இடத்தில் புள்ளி விழவில்லை என்ற கணக்கையே சிறுமூளை எடுத்துக்கொண்டது. குறியில்தான் விழுகிறது என்று அறிவு சொன்னதை அது செவிமடுக்கவில்லை. 2010ஆம் ஆண்டில் டெய்லர், ஐவ்ரி முதலானோர் இதே சோதனையைச் சிறுமூளை பழுதுற்ற நோயாளர்களிடம் நடத்தினர். சொல்லித்தந்த முறையை அவர்கள் பிடித்தபடியே இருந்தனர். கை விலகவில்லை. அந்த ஒரு சோதனையில் நோயாளர்களே நலமுடையோரினும் நன்றாகக் குறி தொட்டனர்.